இரண்டிரண்டு பேராக: வெளிநாட்டில் ஒரு மோர்மன் மிஷனரியின் வாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, பக்கத்திலேயே அதே உடுப்பில் இன்னொருவர். எந்த நாட்டுத் தெருவில் பார்த்தாலும் இவர்களை அடையாளம் தெரிந்துவிடும். வெளிநாட்டில் இருந்தபோது ஒன்றரை வருடம் என் மேல்வீட்டில் இந்த மிஷனரிகள் குடியிருந்தார்கள். நான் அவர்கள் சபையில் சேரவில்லை, சேரும் எண்ணமும் இல்லை. ஆனால் மாடிப்படியில் நின்று பேசிப் பேசி அவர்களுடைய வாரம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனவே பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில், இவர்கள் யார்? பாதிரியார்களா?

இல்லை. பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த பையன்களும் பெண்களும்தான். சபையின் முழுப் பெயர் ‘பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை’. ஜோசப் ஸ்மித் என்பவர் 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். பைபிளோடு ‘மோர்மன் புத்தகம்’ என்ற நூலையும் வேதமாக வைத்திருப்பதால் ஊரார் வைத்த பெயர் மோர்மன். 2018ல் அப்போதைய சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன், அந்தச் செல்லப் பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஜனங்கள் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. நானும் இங்கே அதையே எழுதுகிறேன், புரிவதற்காக.

பணிக்காலம் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். ஆண் மிஷனரியை எல்டர் என்றும் பெண்ணை சிஸ்டர் என்றும் குடும்பப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். எல்டர் என்றால் மூத்தவர் என்று பொருள். பத்தொன்பது வயதுப் பையனை மூத்தவர் என்று கூப்பிடுவதில் எனக்குக் கடைசி வரை ஒரு சிரிப்பு இருந்தது. பணி முடியும்வரை முதல் பெயர் வெளியே வராது. என் மேல்வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றும் தெரியாது.

2024 இறுதியில் உலகம் முழுக்க 450 மிஷன்களில் 74,000க்கும் மேற்பட்டவர்கள் பணியில் இருந்தார்கள். மிஷன் என்பது ஒரு நாடாகவோ நாட்டின் ஒரு பகுதியாகவோ இருக்கும். அதற்கு ஒரு தலைவர் உண்டு. அவரும் மனைவியும் பொதுவாக மூன்று வருடம் அங்கேயே தங்கி, இந்தப் பிள்ளைகளை மேய்க்க வேண்டும்.

எந்த நாடு என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாமா?

முடியாது. மருத்துவர், பல் மருத்துவர், உள்ளூர் பிஷப் என்று எல்லோரையும் பார்த்துக் கையெழுத்து வாங்கி விண்ணப்பம் போட வேண்டும். சபையின் உயர்மட்டத் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவர் அந்த விவரங்களையும் புகைப்படத்தையும் பார்த்து, ஜெபம் செய்து, இன்ன இடம் என்று சொல்வார். அதை அவர்கள் கடவுளின் அழைப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறை தபாலில் வரும்; உறவினர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துத்தான் பிரிப்பார்கள். 2018லிருந்து ஆன்லைனில் வருகிறது, ஆனாலும் கூட்டம் கூட்டித் திறக்கும் வழக்கம் விடவில்லை. பக்கத்து மாநிலம் என்று வந்துவிட்டால் சிலர் முகம் வாடிப்போகும் என்று ஒரு எல்டர் ஒப்புக்கொண்டார்.

சம்பளம் எவ்வளவு?

சம்பளமே கிடையாது, எதிர்ப்பக்கம்தான் பணம் போகிறது. அமெரிக்க மிஷனரியோ அவர் குடும்பமோ மாதம் 500 டாலர் கட்ட வேண்டும். 2020 ஜூலைக்கு முன் 400. இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தொகைதான். 1991க்கு முன் அப்படி இல்லை, போகிற நாட்டில் என்ன செலவோ அதைக் குடும்பம் தாங்க வேண்டும். விலைவாசி கூடிய நாட்டுக்கு அழைப்பு வந்தால் அப்பாவுக்குத் தலைவலி. ஏழை நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குத் தொகை குறைவு, சபை நிதி கைகொடுக்கும்.

வாடகையை மிஷன் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதாமாதம் கார்டில் ஒரு தொகை விழும். மாதக் கடைசியில் மேல்வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த வாசனை பெரும்பாலும் நூடுல்ஸ் வாசனைதான்.

மொழி தெரியாத நாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பெரியது யூட்டாவில் பிரோவோ நகரில். சாவ் பாவ்லோ, மணிலா, மெக்சிகோ சிட்டி, அக்ரா என்று வேறு இடங்களிலும் உண்டு. மொழி தெரிந்தவர்களுக்கு ஓரிரு வாரம் போதும். புது மொழி என்றால் ஆறிலிருந்து ஒன்பது வாரம். போய்ச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே, அரைகுறையாகவாவது அந்த மொழியில் ஒருவருக்குப் பாடம் சொல்ல வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் நடிக்கிற ஆசிரியர்தான், ஆனாலும் வியர்த்துவிடும்.

அதற்குப் பிறகு தெருவே பள்ளிக்கூடம். ஸ்பானிஷ் மொழியில் பாவத்துக்கு ‘பெக்காதோ’, சமைக்கிற மீனுக்கு ‘பெஸ்காதோ’. ஒரு ‘ஸ்’ கூடுதலாக நுழைந்துவிட்டால் “கடவுள் உங்கள் மீன்களை மன்னிப்பார்” என்று ஆகிவிடும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்குப் போய்வந்தவர்கள் எல்லோரிடமும் இந்தக் கதையின் ஒரு வடிவம் இருக்கிறது. எல்லோரும் தங்களுக்கே நடந்ததாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த மொழி நிற்கிறது. அமெரிக்க அரசியல்வாதி ஜான் ஹன்ட்ஸ்மன் இளவயதில் தைவானில் மிஷனரியாக இருந்தவர். அங்கே கற்ற மாண்டரினோடு 2009லிருந்து 2011 வரை சீனாவுக்கான அமெரிக்கத் தூதராக இருந்தார்.

வாரம் எப்படித் தொடங்குகிறது?

பெரும்பாலான மிஷன்களில் திங்கட்கிழமை விடுமுறை மாதிரி. ‘தயாரிப்பு நாள்’ என்று அதிகாரப்பூர்வப் பெயர். இவர்கள் வாயில் அது ‘பி-டே’, ‘பிரிபரேஷன் டே’ என்பதன் சுருக்கம். ஓய்வு நாள் என்று நினைத்துவிடாதீர்கள். வாரம் முழுக்க விட்ட வேலை எல்லாம் அன்றைக்குத்தான்: துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, முடி வெட்டிக்கொள்வது, காய்கறி வாங்குவது, வீட்டைக் கழுவுவது. மேல்வீட்டு பால்கனியில் திங்கட்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். கிழமை மறந்துபோனால் நான் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அன்று ஜீன்ஸ், டி-ஷர்ட் போடலாம், பந்து விளையாடலாம். மிஷன் எல்லையைத் தாண்டக்கூடாது. நீச்சல் மட்டும் எந்த நாளிலும் கிடையாது. கடற்கரை நாட்டுக்கு அனுப்பப்பட்ட பையனை நினைத்துப் பாருங்கள். மாலை ஆறு மணிக்கு பி-டே முடிந்துவிடும். மறுபடி சட்டை, டை, பெயர்ப்பட்டை.

அன்றைக்கு முக்கியமான வேலை இன்னொன்று உண்டு, வீட்டுக்குப் பேசுவது. 2019 பிப்ரவரி வரை கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, அன்னையர் தினத்துக்கு ஒரு தடவை, வருடத்துக்கு இரண்டே போன்தான் அனுமதி. மற்றபடி வாராந்தர மின்னஞ்சலும் கடிதமும். இப்போது வாரம் ஒரு முறை போனிலோ வீடியோவிலோ பேசலாம். பழைய ஆட்கள் “எங்கள் காலத்தில்…” என்று இதைச் சொல்லி அலுத்துக்கொள்வார்களாம். எனக்கென்னவோ புது விதிதான் சரியென்று படுகிறது. வருடத்துக்கு இரண்டு போன் என்பது பக்தியைச் சோதிக்கிறதோ இல்லையோ, அம்மாவைச் சோதிக்கிறது.

மற்ற நாட்களில் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வார்கள்?

பொதுவான அட்டவணை இது; நாட்டுக்கும் வெயிலுக்கும் தக்கபடி மிஷன் தலைவர் கொஞ்சம் முன்பின் மாற்றுவார்.

காலை 6:30 எழுந்திருப்பது, ஜெபம், அரை மணி உடற்பயிற்சி. (கீழ்வீட்டில் குடியிருப்பவருக்கும் அதுதான் அலாரம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் குதித்தால் என் சமையலறை டம்ளர்கள் கிணுகிணுக்கும்.) ஏழரை வாக்கில் குளியல், சாப்பாடு. எட்டு மணிக்குத் தனியாக வேதம் படிப்பது, ஒன்பது மணிக்கு இருவரும் சேர்ந்து படிப்பது. புது மொழி என்றால் அதற்கும் அரை மணியோ ஒரு மணியோ. பத்து, பதினொன்றுக்குள் வெளியே கிளம்பிவிட வேண்டும். நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு. மறுநாள் யாரை, எப்போது, எங்கே என்று திட்டம் போடுவது. 10:30க்கு விளக்கணைப்பு.

வெளியே இருக்கிற அந்தப் பத்துப் பதினோரு மணி நேரத்தில் பாடம் சொல்வது எவ்வளவு என்று கேட்டேன். நல்ல நாளில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்களாம். மற்றதெல்லாம் நடை, சைக்கிள், பஸ் நிறுத்தம், வருகிறேன் என்றவர் வராமல் காத்திருப்பது. ஒரு எல்டர் கணக்குச் சொன்னார்: “எங்கள் வேலையில் பாதி, பூட்டிய வீட்டு முன்னால் நிற்பது.”

ஏன் எப்போதும் இரண்டு பேர்?

என்னைக் கேட்டால் இவர்களுடைய வாரத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு தம் பன்னிரண்டு சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று வருகிறது. வேத ஆதாரம் அது. நடைமுறைக் காரணங்கள் பாதுகாப்பு, கண்காணிப்பு, வழக்கு வம்பு வராமல் இருக்கச் சாட்சி. ஜோடியை ‘கம்பேனியன்’ என்பார்கள். விதி மிகவும் எளிது: ஒருவர் கண்பார்வையிலும் காது கேட்கும் தூரத்திலும் மற்றவர் இருக்க வேண்டும். கழிப்பறை, குளியலறை நீங்கலாக. ஒரே அறையில் தூங்க வேண்டும், தனித்தனிக் கட்டிலில். ஒருவருக்கு ஜுரம் என்றால் இரண்டு பேருக்கும் அன்று வேலை இல்லை.

அந்த ஜோடியை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மிஷன் தலைவர்தான் சேர்த்துவைக்கிறார். யூட்டாவின் பணக்காரக் குடும்பத்துப் பையனும் பசிபிக் தீவு ஒன்றின் மீனவர் மகனும் ஒரே அறையில். ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு மூடியிருக்க வேண்டும். ஒருவர் பல் தேய்க்கும்போது பாடுவார். கல்யாணத்தில்கூட இருபத்து நாலு மணி நேரமும் சேர்ந்தே இருப்பதில்லை, ஒருவராவது வேலைக்குப் போவார்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை ‘டிரான்ஸ்ஃபர்’ வரும். யார் எங்கே மாற்றம், யாருக்கு யார் ஜோடி என்று மிஷன் அலுவலகத்திலிருந்து தகவல் வரும். சிலர் ஒரே இடத்தில் மூன்று நான்கு டிரான்ஸ்ஃபர் தாண்டியும் நிற்பார்கள். சிலர் ஆறே வாரத்தில் பெட்டி கட்டுவார்கள். என் பக்கத்திலிருந்து பார்த்தால் இது விசித்திரமான காட்சி: மாடிப்படியில் வணக்கம் சொல்கிற இரண்டு முகங்களில் ஒன்று திடீரென்று வேறாக இருக்கும், மற்றது அதேதான். பிறகு அந்த மற்றதும் மாறும். ஒன்றரை வருடத்தில் ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன், வீடு ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

அந்த ஒன்பது பேரில் இரண்டு பேருக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. சண்டையே போடவில்லை; அதுதான் எனக்குத் தெரியக் காரணம். மற்ற ஜோடிகள் படியேறும்போது பேச்சுச் சத்தம் வரும். இவர்கள் ஏறினால் காலடிச் சத்தம் மட்டும். வாரக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கம்பேனியன்ஷிப் இன்வென்டரி’, அதாவது இருப்புக் கணக்கு எடுப்பது. அந்த இருவரும் அதை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து செய்தார்கள். என் கதவு திறந்திருந்தது. “நீ பாத்திரம் கழுவுவதில்லை” என்றார் ஒருவர். நீண்ட அமைதி. “நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை” என்றார் மற்றவர். நான் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த வாரம் பேச்சுச் சத்தம் கொஞ்சம் கேட்டது. நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாத்திரம் கழுவப்பட்டது.

உண்மையிலேயே வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறார்களா?

தட்டுகிறார்கள், ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதில் பலன் மிகக் குறைவு என்று அவர்களுக்கே தெரியும். வேறு வழி எதுவும் இல்லாதபோது கதவு. உள்ளூர்ச் சபையினர் தங்கள் நண்பர்களை அறிமுகப்படுத்துவதைத்தான் பெரிதும் விரும்புகிறார்கள். இப்போது கையில் ஸ்மார்ட்போன் இருப்பதால் பேஸ்புக்கில் பேசுவதும் வேலையின் பகுதி.

வெளிநாட்டில் இன்னொரு வழி இலவச ஆங்கில வகுப்பு. வாரத்தில் ஒரு மாலை, சபைக் கட்டடத்தில். வருகிறவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும், நடத்துகிறவர்களுக்கு ஆள் வேண்டும். இரண்டு தரப்புக்கும் இது தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை.

பிரசங்கம் இல்லாத உதவி வேலைக்கும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குவார்கள். தோட்டத்தில் களையெடுப்பது, வீடு மாறுபவருக்குப் பீரோ தூக்குவது. என் குளிர்சாதனப் பெட்டி மேலே வந்ததும் இவர்கள் தோளில்தான். அன்றைக்கு மதப் பேச்சே எடுக்கவில்லை. நானே எடுக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டால் என்ன நடக்கும்? டீ கொடுக்கலாமா?

டீ வேண்டாம், காபியும் வேண்டாம். மது, புகையிலையோடு இவையும் அவர்களுக்கு விலக்கு. 1833ல் ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் ‘ஞான வார்த்தை’ என்ற சட்டம் அது. மூலிகைக் கஷாயம் பரவாயில்லை. தண்ணீர், பழச்சாறு கொடுத்தால் ஒரே மூச்சில் குடித்துவிடுவார்கள், நாள் முழுக்க அலைந்தவர்கள். விருந்தாளிக்கு டீ கொடுப்பதே மரியாதை என்றிருக்கும் நாடுகளில் மறுப்பதற்குத் தனியாக ஒரு பணிவான வாக்கியமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் சிஸ்டர்களும், பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் எல்டர்களும் வர மாட்டார்கள். வாசலிலேயே நின்று பேசினால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விதி அப்படி.

பேச்சு ஜெபத்தில் தொடங்கும். ஜோசப் ஸ்மித் பதினாலு வயதில் தோப்பில் ஜெபித்தபோது கண்ட தரிசனத்தைச் சொல்வார்கள். மோர்மன் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். 100க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. படித்துவிட்டு, இது உண்மையா என்று நீங்களே கடவுளிடம் கேளுங்கள் என்பார்கள். அடுத்து எப்போது வரலாம் என்று நாள் குறித்துக்கொள்வார்கள். விருப்பம் இல்லையென்றால் அப்போதே நேராகச் சொல்லிவிடுங்கள். “பார்க்கலாம்” என்று நாம் நாகரிகத்துக்குச் சொல்வதை அவர்கள் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, வியாழன் மாலை ஆறு மணிக்கு வந்து நிற்பார்கள்.

சங்கடமான கேள்வி கேட்டால் கோபப்படுவார்களா?

நான் கேட்டிருக்கிறேன், கோபப்படவில்லை. ஒரு காலத்தில் சபையில் இருந்த பலதார மணம்தான் முதல் கேள்வி. சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் 1890ல் விட்ட அறிவிப்போடு அதை அதிகாரப்பூர்வமாகக் கைவிட்டார்கள். இன்று யாராவது செய்தால் சபையிலிருந்து நீக்கம். இரண்டாவது, கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம், அதாவது சபைச் சடங்குகளைச் செய்யும் அதிகாரம், மறுக்கப்பட்டது. 1978 ஜூன் வரை அந்தத் தடை இருந்தது. பலதார மணத்துக்கு எல்லோரிடமும் தயாரான பதில் இருந்தது. இதற்கு இல்லை. ஒரு எல்டர் சாரணர் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, “அது ஏன் என்று எனக்கும் புரியவில்லை” என்றார். அவருடைய கம்பேனியன் கானாவைச் சேர்ந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் மேலே கேட்கவில்லை.

வார நடுவில் வேறு என்ன உண்டு?

‘டிஸ்ட்ரிக்ட்’ கூட்டம். பக்கத்துப் பக்கத்துப் பகுதியில் வேலை செய்யும் நாலைந்து ஜோடிகள் வாரம் ஒரு காலை கூடுவார்கள். யாருக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவார்கள், பாடம் சொல்லிப் பழகுவார்கள். தலைவரும் அவர்களில் ஒருவர்தான், இருபது வயது. கூட்டத்தைவிட அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. வேறு முகத்தைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அல்லவா.

ஞாயிறு ஓய்வா?

வாரத்தின் பரபரப்பான நாள் அது. காலையில் வருகிறேன் என்று சொன்னவர்களுக்குப் போன், சிலரை நேரில் போய் அழைத்து வருவது. வழிபாடு இரண்டு மணி நேரம். 2019 வரை மூன்று. நற்கருணையில் ரொட்டியும், திராட்சை ரசத்துக்குப் பதில் தண்ணீரும். இந்தச் சபையில் உள்ளூர் அளவில் சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது; பிஷப் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர். வெளிநாட்டில் முப்பது நாற்பது பேர் மட்டும் வரும் சிறு கிளைகளில் மிஷனரிகள்தான் பல வேலைக்கும் ஆள்: பியானோ வாசிப்பது, மொழிபெயர்ப்பது, நாற்காலி அடுக்குவது. மொழி கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆன பையனைத் திடீரென்று பத்து நிமிடம் பேசச் சொல்வார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு பெரும்பாலும் உபவாசம். இரண்டு வேளை சாப்பிடாமல் அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். அன்று மாலை மேல்வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கும் சத்தமே வேகமாக இருக்கும்.

சினிமா, காதல், பாட்டு?

சினிமா, டிவி கிடையாது. பாட்டு என்றால் பக்தி மனநிலைக்கு ஒத்துவருவது மட்டும். காதல் கிடையவே கிடையாது. ஊரில் விட்டுவந்த காதலி வேறொருவரை மணக்கப் போகிறாள் என்று வரும் கடிதத்துக்கு ‘டியர் ஜான்’ என்று பெயர்; அமெரிக்கப் படைவீரர்களிடம் வழங்கிய பெயர் இவர்களிடமும் இருக்கிறது. கூடிப் பேசும்போது அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வந்த அன்றைக்கு யாரும் சிரிப்பதில்லை.

வீட்டு நினைப்பு மேலிட்டு மனசு மூட்டை கட்டிவிட்ட ஆளை ‘ட்ரங்கி’ என்பார்கள், டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த சொல். புதிதாக வந்தவர் ‘கிரீனி’. கிரீனியோடு ட்ரங்கியை ஜோடி சேர்ப்பதுதான் மிஷன் தலைவர் செய்யக்கூடிய பெரிய தப்பு என்று ஒருவர் அனுபவித்துச் சொன்னார்.

பெண் மிஷனரிகளுக்கும் இதே வாரம்தானா?

அட்டவணை, விதி எல்லாம் ஒன்றே. 2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19லிருந்து 18 ஆகவும் பெண்களுக்கு 21லிருந்து 19 ஆகவும் குறைத்ததும் சிஸ்டர்களின் எண்ணிக்கை மளமளவென்று கூடியது. 2018 டிசம்பர் வரை வேலை நாட்களிலும் பாவாடைதான், சைக்கிளிலும். அதன் பிறகு பேன்ட் அணிய அனுமதி. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடமா என்று கேட்டால் அவர்களே புன்னகைக்கிறார்கள்.

நிஜமாகவே ஆட்கள் சேருகிறார்களா? இலக்கு உண்டா?

நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாரக் கடைசிதோறும் ஞானஸ்நானம் நடக்கும் மிஷன்கள் உண்டு. ஐரோப்பாவில் சில இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஓரிருவர் சேர்ந்தால் அதுவே பெரிது. ஆனால் அதே ஐரோப்பாவில்தான் ஒரு காலத்தில் ஆட்கள் குவிந்தார்கள். 1837 ஜூலை 30 அன்று இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் ரிபிள் ஆற்றில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யார் முதலில் என்று ஆற்றை நோக்கி ஓட்டப்பந்தயமே நடந்தது; ஜார்ஜ் வாட் என்பவர் ஜெயித்தார்.

எண்ணிக்கை மோகம் பிடித்த காலமும் இருந்தது. 1950களின் கடைசி, 60களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பையன்களை பேஸ்பால் விளையாடக் கூப்பிட்டு, அணியில் சேருவதற்கு நிபந்தனை போல ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். என்ன நடக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. ‘பேஸ்பால் ஞானஸ்நானம்’ என்று அந்தச் சபை வரலாற்றிலேயே அது கெட்ட பெயராக நின்றுவிட்டது. இன்றும் வாராவாரம் எண்கள் மேலிடத்துக்குப் போகின்றன: புதிதாகச் சந்தித்தவர்கள், வழிபாட்டுக்கு வந்தவர்கள், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தவர்கள். ஞாயிறு இரவு என் தலைக்கு மேல் நடந்த போன் பேச்சுகளில் ‘பூஜ்யம்’ என்ற சொல் அடிக்கடி கேட்கும்.

எல்லா நாட்டிலும் விடுகிறார்களா?

இல்லை. சீனாவின் பெருநிலப்பகுதியில் அனுமதி கிடையாது. ரஷ்யாவில் 2016 சட்டத்துக்குப் பிறகு தெருவிலும் வீடுகளிலும் மதம் பேச முடியாது. அங்கே இவர்களை ‘தன்னார்வலர்கள்’ என்றே அழைக்கிறார்கள். 2020ல் கொரோனா பரவியபோது ஆயிரக்கணக்கானவர்களை வெளிநாடுகளிலிருந்து அவசரமாகச் சொந்த நாட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

முடியவில்லை என்றால் பாதியில் திரும்பலாமா?

திரும்பலாம், யாரும் கட்டிப்போட்டு வைப்பதில்லை. உடம்பு, மனச்சோர்வு, நம்பிக்கை போனது என்று காரணம் பல. மனநல ஆலோசகரிடம் பேச ஏற்பாடு உண்டு. சொந்த ஊரிலேயே தங்கிச் செய்யும் சேவைப் பணிக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கஷ்டம் ஊருக்குப் போன பிறகுதான். எல்லோரும் இரண்டு வருடம் முடித்துவரும் ஊரில் ஏழு மாதத்தில் வந்து நிற்பவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமலே எல்லாம் கேட்டுவிடுவார்கள். மேல்வீட்டு ஒன்பது பேரில் ஒருவர் அப்படிப் போனார். போவதற்கு முந்தின நாள் வந்து, என்னிடம் வாங்கிய ஸ்குரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முடிந்ததும்?

ஊருக்குப் போனதும் அங்கே உள்ள சபைத் தலைவர் ‘விடுவிப்பு’ செய்வார். பெயர்ப்பட்டையைக் கழற்றலாம், முதல் பெயர் திரும்பி வரும், சினிமா பார்க்கலாம். படிப்பு, வேலை, பலருக்குச் சீக்கிரமே கல்யாணம்.

படிக்கட்டில் இருப்புக் கணக்கு எடுத்த இருவரில் ஒருவர், அந்தப் பாத்திரம் கழுவாதவர், ஊர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வந்த மறுநாள் அம்மா பால் வாங்கிவரச் சொன்னாராம். ஷூ மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, நின்றுகொண்டே இருந்திருக்கிறார். “யாருக்காகக் காத்திருக்கிறாய்?” என்று அம்மா உள்ளேயிருந்து கேட்ட பிறகுதான், தனியாகப் போகலாம் என்பது ஞாபகம் வந்ததாம்.